ஊதா முத்திரை

செங்கல் துண்டால் இடக்கையைப் பரபரவென்று தேய்த்தான் ராமசுப்பு. தோல் உரிந்து ரத்தம் கசிந்ததே தவிர, அந்த ஊதா மை முழுசாகப் போகவில்லை.

“ஏலே, பிரேதத்துக்கு ஊத்த நீர்மாலைத் தண்ணி எடுக்கக் குளிக்கியா, கல்யாணத்துக்குக் குளிக்கியா? சங்கு ஊதுதவன் எம்புட்டு நேரம் நிப்பான்?” கிணற்று மேட்டிலிருந்து சித்தப்பா சத்தம் போட்டார்.

நேற்று ஆடித்தபசுத் திருவிழாத் திடலில் டிக்கெட் குஸ்தி. சர்க்காரின் புது உத்தரவு: டாக்டர் நெஞ்சைச் சோதித்து, சீட்டு எழுதி, கையில் முத்திரை குத்தினால்தான் பயில்வான் கோதாவில் இறங்கலாம். அண்ணன் சங்கரநயினாரோ வெறியேற்றும் பட்டாளத்து மாத்திரையை முந்தியே விழுங்கித் தொலைத்துவிட்டான். நெஞ்சு தவிலாய் அடித்தது.

“எனக்குப் பதிலா நீ போயி நில்லுலே. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதான? டாக்டருக்கா தெரியப்போவுது?”

ராமசுப்பு போய் நின்றான். கோதா வாசலில் சீட்டை மட்டும்தான் பார்த்தார்கள். மூன்றாவது பிடியில் அண்ணன் நுரை தள்ளி விழுந்தான்.

“டாக்டரு பாத்து நல்லாருக்குன்னாரே, அதனாலதான அனுப்புனேன்…” மதினி வடிவாம்பாள் விடிந்ததிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈர வேட்டியும் வெற்றுடம்புமாக, தலையில் நீர்க்குடத்தோடு ராமசுப்பு முற்றத்துக்குள் நுழைந்தான். சப் இன்ஸ்பெக்டர் ஜெயசிங் பிரேதத்தின் இடக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முத்திரையக் காணோமேம்மா? டாக்டர் பாத்தது வேற ஆளுன்னா பிரேதத்த அறுக்கணும். போயி நின்னவன் ஜெயிலுக்குத்தான்.” குனிந்து நோட்டில் எழுதத் தொடங்கினார்.

ராமசுப்பு குடத்தைச் சாய்த்தான். அவன் கையில் வழிந்த நீர் ஊதாவும் சிவப்புமாக அண்ணன் மார்பில் ஓடியது.

வடிவாம்பாள் அந்த நீரைப் பார்த்தாள். கொழுந்தன் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

“இப்பத்தான் எண்ணெயும் சீயக்காயும் தேச்சோம், ஐயா. மை நிக்குமா?”

ஜெயசிங் நிமிர்ந்தார். “தம்பி கையில என்ன ரத்தம்?”

“கெணத்துப் படியில சிராய்ச்சிருக்கும்.”

அவர் எழுதியதை அடித்தார். நோட்டை மூடிக்கொண்டு வெளியேறினார்.

கொடியில் கிடந்த புருஷனின் துண்டை உருவி, ராமசுப்புவின் கையில் சுற்றினாள் வடிவாம்பாள். ஒரு முடிச்சு. இன்னொன்று. மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் விரல்கள் மரத்துப்போயின.

ராமசுப்பு கையை இழுத்துக்கொள்ளவில்லை.