தண்ணீர் வந்த பிறகு

சாயிமா எழுதிய மென்பொருள் சோதனை மறுபடியும் தோற்றது. பாவம், டேட்டாபேஸ் விழித்தெழுவதற்குள் சோதனைக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடுகிறது. மாலைக்குள் சரியாகாவிட்டால், அவளுடைய பகுதியை விட்டுவிட்டுத்தான் ஆபீஸில் மென்பொருளை வெளியிடுவார்கள்.

தாராவி வீட்டில், மழைச் சத்தத்தில் அவளுக்குக் கண் சொக்கியது. சோதனைகளெல்லாம் குடத்தோடு குழாயடியில் நிற்பதுபோல் ஒரு மயக்கம். வாசல் குழாயடியில் நிஜமாகவே சண்டை.

"உங்க வீட்டுக்கு விட்ட நேரம் முடிஞ்சிட்டு, குடத்தை எடுங்கக்கா!" என்றாள் பக்கத்து வீட்டுப் பிரபாவதி.

"ஏட்டி, இவ்வளவு நேரம் காத்துதானே வந்துச்சு? தண்ணி வந்தப்புறம்லா கணக்கு! காத்து வேணும்னா நீ பிடிச்சுட்டுப் போ!" என்றாள் சாயிமாவின் மதினி ஆபிதா.

சாயிமா கண் திறந்தாள். டேட்டாபேஸ் விழிக்கத் தனி நேரம், விழித்தபின் சோதனைக்குத் தனி நேரம் என்று பிரித்து எழுதினாள். சோதனைகள் தேறித் திரையில் வரிவரியாகப் பச்சை பூத்தது. தன் வேலையும் வெளியீட்டில் சேர்ந்துவிட்டதை நம்பமுடியாமல், கனவு கலையாத கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.