மேலூர்ப் புஞ்சையில் பொங்கிய கல்

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது, கண்ணுகளா. எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதம். மதுரைச் சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேலூருப் பக்கம் புஞ்சையில மண்ணு கொதிச்சுச்சாம். குளுந்து போகட்டும்னு தண்ணி ஊத்தப் போனாகளாம். ஒரு டீச்சர் கெடந்து ஓடுனாகளாம்…"

"அப்பறம்?"

பஸ் வந்துவிட்டது. இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். அந்த 'அப்பறம்' மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. பயந்து பயந்து கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பூமியின் வயிற்றுக்குள் ஒரு தீ, யுகயுகமாக…'

வேண்டாம். பூமியின் வயிற்றைப் பற்றி எனக்கென்ன தெரியும்? இரவல் வாங்கிய பாடப்புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். டீச்சரிடமிருந்து தொடங்குகிறேன்.

ஆனிமேரி விளாங்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். பத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் எரிமலை வரைகிறாள். எரிமலைக் கல் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஒரு புதன்கிழமை, பள்ளி வாசலில் கடலை விற்கும் சோணையம்மாள், முந்தானையை அவிழ்த்து ஒரு கல்லை நீட்டினாள்.

"டீச்சர், எங்கூர்ப் புஞ்சை ஓரத்துல பூமி பொங்கிருச்சு. செவசெவன்னு வந்துச்சு. ஆறவும் இப்பிடி ஆயிப்போச்சு."

கறுப்பு. கண்ணாடி போல மினுமினுப்பு. உடம்பெல்லாம் துளை. ஆனிமேரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எப்பப் பொங்குது?"

"காத்தடிக்கையில. காத்து நின்னா அதுவும் நின்னுரும்."

(எந்த எரிமலை காற்றைப் பார்த்துப் பொங்கும்? ஆனிமேரி அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவைத்து எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பத்தொன்பது வருஷ ஆசை கைக்கு வந்திருக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?)

"சோணையம்மா, இது எரிமலைக் கல்லு! உள்ள இருக்குற தீக்கொழம்பு மேல வந்துருக்கு."

பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் ஸ்யாமளா சிரித்தாள். "மேலூர்ல எரிமலையா? அங்க அடிக்கிற வெயிலுக்குத் தார் ரோடே உருகுது, ஆனி. அதையும் எரிமலைன்னுருவ போல."

சோணையம்மாள் சிரிக்கவில்லை. "தீயின்னு டீச்சரே சொல்லிட்டாக. அப்பக் குளுர வச்சிற வேண்டியதுதேன். வெள்ளிக்கெழமை உச்சிப்பொழுதுல இருவத்தோரு பொம்பளைக, ஆளுக்கொரு கொடம் மஞ்சத்தண்ணி."

"செய்ங்க, செய்ங்க" என்றாள் ஆனிமேரி, கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமலே.

3

கொஞ்சம் நில்லுங்கள். கதைக்குள் ஓடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரைப் பாகை மெள்ள ஆறவிட்டால் கற்கண்டு கட்டும். அதையே தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி மிட்டாய். கல்லும் அப்படித்தானாம். மேலூரில் வெட்டியெடுக்கிற கல், பூமிக்குள் ஆழத்தில் கணக்கில்லாத காலம் மெள்ள ஆறியது. அதனால் கற்கண்டு போலப் பரல் பரலாகக் கண்ணுக்குத் தெரியும். எரிமலைக் குழம்போ வெளியே வந்து சடுதியில் ஆறிவிடும். பெரிய பரல் கட்ட நேரமில்லை. பொடிப்பொடியாகவோ வெறும் கண்ணாடியாகவோ உறைந்துபோகும். உள்ளிருந்த ஆவி குமிழிட்ட இடமெல்லாம் துளையாக நிற்கும்.

சோணையம்மாள் தந்த கல்லில் இந்த அடையாளம் அத்தனையும் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். எல்லா அடையாளமும் சரியாக இருந்து, பெயர் மட்டும் தப்பாக இருப்பது.

4

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில், பிள்ளைகள் பார்க்க, ஆனிமேரி சுத்தியலால் கல்லை உடைத்தாள். உள்ளே, பாதி உருகிய நிலையில், முறுக்குக் கம்பி ஒன்று இருந்தது.

"டீச்சர், இது கரண்டு போஸ்டுக் கம்பி" என்றாள் முன்வரிசையிலிருந்த செல்லத்தாய். "போஸ்டு சாயாம இருக்க இழுத்து மண்ணுல கட்டிருப்பாகள்ல, அது."

காத்தடிக்கையில.

சோணையம்மாள் சொன்னது ஆனிமேரிக்கு இப்போதுதான் உறைத்தது. காற்றில் மின்சாரக் கம்பி ஆடி இந்தக் கம்பியைத் தொடுகிறது. மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி மண்ணையே உருக்குகிறது. மண் காய்ந்து கிடந்ததால்தான் அது அந்த ஓரிடத்தோடு நின்றிருக்கிறது. இனி அங்கே இருபத்தோரு குடம் தண்ணீர். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இருபத்தோரு பேர்.

மணி பத்தே முக்கால். அலுவலக அறைக்கு ஓடி, மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு மேலூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

5

"அண்ணே, கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க. உசுரு போற காரியம்."

"எல்லாரும் அதத்தேன் சொல்றாக, டீச்சர்" என்றார் கண்டக்டர். "உள்ள தள்ளி நில்லுங்க."

கல்லின் பாதி அவள் கைக்குள் இருந்தது. விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்று: பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லாரும் பிழைத்தார்கள், டீச்சருக்கு மோர் கொடுத்து… அடித்துவிட்டேன். உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்க நினைத்து எழுதியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு: சோணையம்மாள் முதல் குடத்தைச் சாய்த்தாள். அந்நேரம் பார்த்துக் காற்று எழுந்து, புஞ்சை ஓரத்து வேம்பின் இலை அசைய…

இதற்குமேல் கை ஓடவில்லை.

6

ஆகவே எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

ஆனிமேரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் ஓடுகிறாள். செருப்பு ஒன்று போய்விட்டது. தூரத்தில் மின்கம்பம். அதன் அடியில் மஞ்சள் புடவைகள், வரிசையாக. முதலில் நிற்பவள் சோணையம்மாள், இடுப்பில் குடம்.

"ஊத்தாதீங்க!"

சோணையம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். "வாங்க டீச்சர்! தீயின்னு நீங்கதான சொன்னீக? தீயில தண்ணி ஊத்தாம வேற என்னத்த ஊத்துறது?"

பின்னால் நிற்பவர்களும் சிரிக்கிறார்கள். குரவை தொடங்குகிறது. ஆனிமேரியின் நெஞ்சில் ஒரே ஒரு மூச்சுதான் மிச்சம். அந்தக் குரவையைத் தாண்டி ஒரே ஒரு சொல்தான் போய்ச் சேரும். கரண்டு என்பதா? ஓடு என்பதா? 'நான் சொன்னது தப்பு' என்பதா? அந்த வாக்கியத்தைப் பத்தொன்பது வருஷமாக எந்த வகுப்பிலும் அவள் சொன்னதில்லை. அவள் நாவுக்கு அது பழக்கமில்லை.

அந்த ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, கண்ணுகளா. அவள் வாய் திறந்திருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

குடம் சாய்கிறது.