இரண்டு தட்டினால் போகணும்

டொக், டொக்.

பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டதும் திலகவதி கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினாள். ஒன்று தட்டினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தட்டினால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும். அவள் அப்பா பரசுராமன் காரின் பின்பகுதியில், சீட்டை மடக்கி, விரிப்பையும் உருவி எறிந்துவிட்டு, வெறும் தகரத்தில் இடது காதை ஒட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் பதினாலு-பதினைந்து சைஸ் ஸ்பேனர் ஒன்று. தட்டுவதற்கு அதுதான்.

காலையில் அவர் ஏறிப் படுத்தபோது அம்மா ராஜம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவே பாக்குது. பொணமாட்டம் படுத்துக்கினு போறத பாரு" என்றாள்.

அவருக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

பரசுராமனுக்குக் காது மந்தம். பாதி ஆயுள் ஆரணியில் பவர்லூம் ஷெட்டில் நின்றவருக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். ஷெட்டுக்குள் யாரும் பேசுவதில்லை, பேசினால் கேட்காது. கையைக் காட்டுவார்கள், இல்லையென்றால் இரும்பில் தட்டுவார்கள். தறி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் அதன் சட்டத்தில் உள்ளங்கையை வைப்பார். முகம் லேசாகக் கோணினால் எங்கேயோ ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதே வைத்தியத்தைத்தான் காருக்கும் செய்துகொண்டிருந்தார்.

அது ஒரு பழைய எஸ்டேட் கார். பின்பக்கம் வேன் மாதிரி நீண்டு, மேலே தூக்கித் திறக்கும் கதவோடு இருக்கும். புடவை மூட்டைகளைச் சென்னைக்குக் கொண்டுபோக வசதி என்று ஏழு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்பதில், செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அந்தத் தெருவின் அகலத்துக்கு அந்த நீளம் அதிகம். திருப்புவதற்குள் இரண்டு சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்க வேண்டும். ஊரில் அதற்கு நீட்டு வண்டி என்று பேர். வாங்கியதிலிருந்து அதை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அவர் தானாக விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய கால் இரண்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். காபியை அம்மா அந்தக் கால்களுக்குப் பக்கத்தில்தான் வைப்பாள். சைலன்ஸர் தொங்கியபோது தறியிலிருந்து கழற்றிய தோல் பட்டையால் கட்டினார். கதவு இடுக்கில் மழைத் தண்ணீர் வந்தபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். டீசல் குழாயில் காற்று பிடித்துக்கொண்டால் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்பை அமுக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கரண்ட் பில் கட்டப் பணம் கேட்டால்கூடச் சரியென்று தலையை ஆட்டிவிடுவார்.

போன தீபாவளிக்குப் பிறகு வண்டியில் ஒரு சத்தம் வந்தது. வந்தது என்று அவர் சொன்னார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"தறியில நாடா ஓடிப் போய் பொட்டில முட்டுமே, அந்தச் சத்தம்" என்பார். "டிக். அப்பால ஒண்ணுமில்ல. கொஞ்ச தூரம் போனா மறுபடி டிக்."

ஸ்டெப்னியைப் பழைய போர்வையில் சுற்றினார். ஜாக்கியை எடுத்து வீட்டில் வைத்தார். பின்கதவுப் பூட்டில் ரப்பர் திணித்தார். பின்சக்கரத்துப் பட்டையைக் கழற்றி, கிரீஸ் போட்டு, புஷ் மாற்றினார். ஒவ்வொரு இடமாகச் சோதித்து, இங்கே இல்லை என்று தெரிந்ததும் தகரத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். தகரம் முழுவதும் பெருக்கல் குறி ஆயிற்று. சத்தம் போகவில்லை.

தெருமுனை மெக்கானிக் ஜெயவேல் அவரோடு பல தடவை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றான். வேலூரில் காது டாக்டரும் சத்தம் வண்டியில் இல்லை, காதுக்குள் இருக்கிறது, தறியில் இருந்தவர்களுக்கு இப்படி வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

"டாக்டருக்குக் காது தெரியும். வண்டி தெரியுமா?" என்றார் பரசுராமன்.

திலகவதிக்கு இதில் இரண்டு மனம். டாக்டர் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தறியில் கையை வைத்து அவர் சொன்ன எதுவும் தப்பிப் போய் அவள் பார்த்ததில்லை. வேலூரில் வாக்கப்பட்டவள், லீவுக்கு வந்திருந்தாள். இந்த வண்டியில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "வாம்மா, சேத்துப்பட்டு வரிக்கும் ஒரு ரவுண்டு போய் வந்துடலாம். இன்னிக்குப் புடிச்சிடுவேன்" என்று அவர் கூப்பிட்டபோது, அந்தச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ரைஸ் மில்லைத் தாண்டியதும் கேட்ட அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறிவிட்டாள். வழக்கமாக இதற்கு ஸ்பேனர் படபடவென்று அடிக்கும். அன்றைக்கு அடிக்கவில்லை. மனிதர் எதையோ பிடித்துவிட்டார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தாள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கண்ணாடியில் அவருடைய முட்டி மட்டும் தெரிந்தது. போகச் சொன்னார், போய்க்கொண்டிருந்தாள்.

சேத்துப்பட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பது கெட்டுவிடக் கூடாது என்று பின்கதவை மெதுவாகத் தூக்கினாள். பரசுராமன் அப்படியே காதை வைத்துப் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. ஸ்பேனர் கையில் இல்லை, இடுப்புக்கருகில் கிடந்தது. வலது கை முகத்துக்குப் பக்கத்தில் விரிந்திருந்தது.

"நைனா, கேட்டுச்சா?" என்றாள் சின்னக் குரலில்.

பிறகு சத்தமாகக் கேட்டாள். பிறகு கத்தினாள்.

ஆஸ்பத்திரியில், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். எந்த இடத்தில் என்று அவள் கேட்டாள். டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆம்புலன்ஸ் பேசட்டுமா என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றாள். டீக்கடைக்காரர், முன்பின் தெரியாத மனிதர், கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரணி வரும்வரை அவர் பேசியது ஒன்றுதான்.

"மெதுவாவே போம்மா. இனிமே அவசரம் இன்னா கீது?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். எஞ்சின் சத்தம் கேட்டது, டயர் சத்தம் கேட்டது. டிக் என்று எதுவும் கேட்கவில்லை.

ராஜம்மாள் முதலில் அழவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். "காத்தால சொன்னேனே. என் வாயால சொன்னேனே" என்று அப்போதுதான் ஆரம்பித்தாள். அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

தம்பி ஹேமநாத் சென்னையிலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தான். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அவன் கண் வண்டிமேல்தான் போயிற்று. அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இல்லாத சத்தத்துக்கு இத்தினி பேஜாரா? வெறுந் தகரத்துல படுத்துக்கினு, குலுங்கிக்கினு... எத்தினி வாட்டி போன்ல சொன்னேன்" என்றான்.

ஜெயவேலும் மாலையோடு வந்திருந்தான். "என்னாண்ட கேட்டா நானும் அதான் சொன்னேன். வண்டில ஒண்ணுமே இல்லக்கா" என்றான். அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று திலகவதிக்குக் கோபம் வந்தது. ஆள் செத்துக் கிடக்கும்போதும் அவர் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை எடுத்தார்கள். மேளச் சத்தம் தெருவைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். "பொணம் வந்த வண்டி. அதையும் கழுவி உட்டுடு" என்று ராஜம்மாள் உள்ளேயிருந்து சொன்னாள். திலகவதி வாளியில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் தூக்கினாள். சொம்பை முக்கி ஓங்கியவள் நின்றுவிட்டாள்.

இடது பக்கம், சக்கரத்து மேட்டுக்கு அருகில், பெருக்கல் குறிகளுக்கு நடுவில், சாக்பீஸால் ஒரு வட்டம் போட ஆரம்பித்திருந்தார். பாதிதான் இருந்தது. கோடு கடைசியில் மெலிந்து, கீழே இழுத்துக்கொண்டு போய் முடிந்திருந்தது.

பெருக்கல் குறி என்றால் இங்கே இல்லை. அவர் இதுவரை வட்டம் போட்டதே இல்லை. போடும் அவசியம் வரவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதற்குக் கையை நீட்டினார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சொம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். வண்டியின் வெளிப்புறத்தை மட்டும் கழுவினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹேமநாத், போளூரிலிருந்து ஒரு ஆள் நாளைக்குச் சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறான் என்றான். அம்மா சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அது வாசலை விட்டுப் போனால் போதும்.

"போறதுக்கு முன்ன ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கணும்" என்றாள் திலகவதி.

"எதுக்குக்கா?"

"நான் பின்னால படுத்துக்கறேன்."

ஹேமநாத் அவளையே பார்த்தான். வேலூரிலிருந்து வந்திருந்த அவள் புருஷன் சோற்றைப் பார்த்தான்.

"அவரு எதுனா கிறுக்கி வெச்சிருப்பாரு. நீயுமா?" என்றான் தம்பி.

"இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியணும்டா. தெரிஞ்சிக்காம எப்படி குடுக்கறது?"

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து தம்பி குளித்ததும், இருவரும் கிளம்பினார்கள். ஹேமநாத் ஓட்டினான். திலகவதி பின்னால் ஏறிப் பாதி வட்டத்தின் மேல் காதை வைத்தாள். தகரம் ஜில்லென்று இருந்தது, டீசல் வாடை அடித்தது. வண்டி நகர்ந்ததும் தலைக்குள் ஒரே இரைச்சல். முழு ஷெட்டும் ஒரே நேரத்தில் ஓடுவது போல இருந்தது. இதற்குள் இவர் எதைக் கேட்டார் என்று மலைப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தனியாகப் பிரிந்தது. டயரின் உறுமல் தனியாகப் பிரிந்தது. மிச்சமிருந்த இடத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

ரைஸ் மில் நெல் வாசனை வந்தது. அதைத் தாண்டி ஒரு சின்ன வளைவு.

டிக்.

அவ்வளவுதான். காதுக்கு நேர் கீழே. இரும்புக்குள் எங்கேயோ, எதுவோ, நாடா போய்ப் பெட்டியில் முட்டுவது போலவே.

மூச்சை நிறுத்திக்கொண்டாள். மறுபடி கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதே நேரத்தில் கண்ணீரும் வழிந்து தகரத்தில் விழுந்தது. வட்டம் அழிந்துவிடப் போகிறதே என்று அவசரமாக முகத்தைத் தூக்கினாள். ஸ்பேனரை எடுத்து மூன்று முறை தட்டினாள்.

ஹேமநாத் ஓரம் கட்டி, இறங்கிவந்து கதவைத் தூக்கினான்.

"கேட்டுச்சா?"

"நீ படு."

"கேட்டுச்சா இல்லியா, அதச் சொல்லு."

"நீயே கேளு. நான் ஓட்டறேன்."

அவன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு ஏறி, நீண்ட காலை மடக்கி, அவள் காட்டிய இடத்தில் காதை வைத்தான். ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தாள்.

திலகவதி வண்டியை எடுத்தாள். புளியமரங்கள் வந்தன. கண்ணாடியில் தம்பியின் முட்டி மட்டும் தெரிந்தது. அந்த முட்டி அவருடையதைப் போலவே கூர்மையாக இருந்தது என்பதை இத்தனை வருஷத்தில் அவள் கவனித்ததில்லை. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடம் வந்தது. வேகத்தடையில் மெல்ல ஏற்றி இறக்கினாள். அப்போதும் எதுவும் வரவில்லை. ஸ்டியரிங்கில் கை வேர்த்தது. பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள், மூடினாள். இன்னும் இரண்டு மரம் போகட்டும் என்று நினைத்தாள். அந்த இரண்டு மரமும் போயின.

டொக், டொக்.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள். வண்டி சேத்துப்பட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.