பெட்டிக்கு நாலு பேர்

சிவகாசிப் பட்டாசு முதலாளிகளில் ஒருவர் குதிரை வளர்த்தார். இன்னொருவர் மொட்டைமாடியில் நீச்சல்குளம் கட்டி, தண்ணீர் கிடைக்காமல் அதில் வற்றல் காயப்போட்டார். காசிராஜன் ரயில் விட்டார்.

ஆர்டர் பேசுவதற்காகப் பெங்களூரில் ஒரு வியாபாரியின் வீட்டுக்குப் போனவர், அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் அதை முதலில் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத இன்ஜின் ஒன்று ரோஜாச் செடிகளுக்கு நடுவே கூவிக்கொண்டு போயிற்று. வீட்டுக்காரர் ஆர்டர் தரவில்லை. காசிராஜன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஊர் திரும்பியதும் சாத்தூர் ரோட்டிலிருந்த தன் பங்களாவின் தோட்டத்தை நூல் பிடித்து அளக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் மனைவி பாண்டிலட்சுமியின் கீரைப் பாத்தி முதலில் போயிற்று. அடுத்து மல்லிகைப் பந்தல். முருங்கை மட்டும் தப்பித்தது. அதைச் சுற்றி வளைத்து விட்டால் மலைப்பாதை மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

தண்டவாளம் போட்டார்கள். ஒரு மழை பெய்தது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி எழுந்தது. பிறகு அடித்த வெயிலில் பாளம்பாளமாக வெடித்தது. தண்டவாளம் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. மண்ணையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டு, ஆலங்குளம் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் ஜல்லியை லோடு லோடாக இறக்கினார். தண்டவாளம் நேராயிற்று. அதன் மேல் ஓணான்கள் வெயில் காய்ந்தன.

இன்ஜின், ரயில்பெட்டி, சிக்னல், குட்டிப் பாலம் என்று மரப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் வைத்தால் கரையான் ஏறிவிடும் என்று, உடனே பொருத்தாதவற்றையெல்லாம் அச்சங்குளத்திலிருந்த தன் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்.

ரயில் ஓடத் தொடங்கியதும் குடும்பத்தில் எல்லாருக்கும் உத்தியோகம் கிடைத்தது. காசிராஜன் ஸ்டேஷன் மாஸ்டர், தொப்பிகூடத் தைத்துக்கொண்டார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் சினேகா அறிவிப்பாளர். பாண்டிலட்சுமி கார்டு. அவள் கையில் ஒரு பச்சைக் கொடியும் ஒரு சிவப்புக் கொடியும் கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ. கார்டு பச்சை காட்டாம வண்டி நகரப்படாது. ஏதாச்சும் தப்பாத் தெரிஞ்சா சிவப்பக் காட்டணும். ஸ்டேஷன் மாஸ்டரே சொன்னாலும் கேக்கப்படாது."

"நீங்க சொன்னாலுமா?"

"நான் சொன்னாலும்தான்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

சாயங்காலம்தோறும் பயிற்சி நடந்தது. பெட்டிகளில் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன, பெட்டிக்கு நான்கு. ஒருநாள் சினேகா விளையாட்டாக ஐந்தாவது பொம்மையைத் திணித்துவிட்டாள். காசிராஜன் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினார்.

"ஏளா, அறிவிருக்கா? பெட்டிக்கு நாலு பேருன்னா நாலு பேருதான். வளைவுல சாஞ்சா யார் பொறுப்பு?"

அந்தப் பொம்மையைத் தானே எடுத்து, தூசி தட்டி, பிளாட்பாரத்து நிழலில் உட்கார வைத்தார்.

தொடக்க விழாவுக்கு ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். விருதுநகரிலிருந்து பருப்பு வியாபாரி வெள்ளைத்துரை வந்து ரிப்பன் வெட்டினார். பரிமாற ஆள் வேண்டும் என்று கம்பெனி வேனில் ஏழெட்டுப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். காசிராஜன் பேசினார். வேகம் பெரிதல்ல, பாதுகாப்பே பெரிது என்றார். ஒவ்வொரு உயிரும் விலைமதிப்பற்றது என்றபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பொம்மைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி பொம்மையவே இப்படிப் பாக்கீகளே! கம்பெனில ஆள்களத் தங்கமாத் தாங்குவீக போல" என்றார் வெள்ளைத்துரை.

வடைத் தட்டோடு நின்ற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கம்பெனியில் சரவெடி பின்னும் இருளம்மாள் அவள். பாண்டிலட்சுமி பின்னாலேயே அடுப்படிக்குப் போய்க் கேட்டாள்.

"எதுக்குச் சிரிச்ச?"

"ஒண்ணுமில்லம்மா."

"சும்மா சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இருளம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "எங்க ரூமு வாசல்லயும் நாலு பேருன்னுதான் போர்டு எழுதியிருக்கு. இப்ப சீசனு. ஒம்பது பேரு உக்காந்திருக்கோம். முட்டியோட முட்டி இடிக்கி. அய்யா அந்தப் பொம்மைகள எண்ணி எண்ணி உக்கார வைக்காகள்ல, அதப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு."

"ஒம்பது பேரா? ஏன்?"

"ரெண்டு ரூமப் பூட்டி வச்சிருக்காகம்மா."

மறுநாள் காலையில் பாண்டிலட்சுமி கோயிலுக்கு என்று கிளம்பி, காரை அச்சங்குளத்துக்கு விடச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே போனதே இல்லை. நுழைவாசல் போர்டில் உரிமம் பெற்றவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வரிச் சிக்கலைத் தவிர்க்கக் காசிராஜன் எப்போதோ அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

போர்மேன் ஊர்க்காவலன் ஓடி வந்தான். "அம்மா, நீங்க எதுக்கு இங்கன? அய்யாவுக்குத் தெரியுமா?"

அவள் அவனைத் தாண்டிப் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். இருளம்மாள் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அறைக்குள் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் கையை நீட்ட முடியும். திரிகளுக்கும் வெடிமருந்துக்கும் நடுவே பெண்கள் அடுக்கிவைத்த மாதிரி இருந்தார்கள். இதை எப்படி நிறுத்துவது, யாரிடம் சொல்வது என்று பாண்டிலட்சுமிக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முந்தின நாள் கைப்பையில் செருகிய சிவப்புக் கொடியை எடுத்து விரித்து, வாசலில் நின்று காட்டினாள்.

ஊர்க்காவலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்களுக்கு விளங்கியது. கையிலிருந்ததைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பூட்டுன ரூமத் தொற" என்றாள்.

"அதுல அய்யாவோட சாமான்..."

"லைசென்ஸு என் பேர்ல. தொறலே."

திறந்தான். உள்ளே கூரை வரைக்கும் மரப்பெட்டிகள். ஒன்றின் மூடி விலகியிருந்தது. வைக்கோல் மெத்தை மேல் ரயிலில் கோக்கும் ஒரு குட்டி உணவுப் பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேசைகளில் பூச்சாடிகூட இருந்தது. அடுத்த அறையிலும் அதே கதை. காசிராஜனின் ரயிலுக்கு இடம் விட்டுத்தான் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தகவல் போய்க் காசிராஜன் வந்து சேர்ந்தார். அவசரத்தில் தொப்பியோடு வந்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணுற நீ? சீசன்ல வேலைய நிறுத்துவாங்களா? உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் தெரியும்."

"அது வெளையாட்டு!"

"வெளையாட்டுக்கே அம்புட்டு ரூல்ஸு சொன்னீகளே. சாஞ்சா பொம்மை விழும். இங்கன ஒண்ணு ஆச்சுன்னா? போலீஸு யாரத் தேடி வரும், உங்களையா? போர்டுல என் பேருதான இருக்கு?"

காசிராஜன் வேப்பமரத்தடியைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றினார்.

"சரி, சாயங்காலம் பேசிக்கலாம். இப்ப வேலையத் தொடங்கச் சொல்லு" என்றார் குரலைத் தாழ்த்தி.

"பெட்டியெல்லாம் வெளிய போகட்டும். ரூமுக்கு நாலு பேரா உக்காரட்டும். அப்பத் தொடங்கலாம்."

அவர் கத்திப் பார்த்தார். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றப்போவதாக மிரட்டினார். அதற்கும் அவள் கையெழுத்து வேண்டும் என்று ஊர்க்காவலன் மெதுவாக நினைவுபடுத்தினான். மத்தியானத்துக்குள் கம்பெனி வேன் மூன்று நடை போய் வந்தது. மரப்பெட்டிகள் காசிராஜனின் படுக்கையறையில் இறங்கின. வேறு இடமில்லை என்று சினேகா சொல்லிவிட்டாள்.

இரண்டு அறைகளைத் திறந்தும் சிலருக்கு இடம் பற்றவில்லை. அவர்களை நிறுத்திவிடலாம் என்றார் காசிராஜன். விழாவில் சிரித்ததைக் கவனித்திருந்தார் போல, இருளம்மாள் பெயரைத்தான் முதலில் சொன்னார். பாண்டிலட்சுமி அவர்களைப் அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகைக்கு மாற்றினாள். கூலியைக் குறைக்க விடவில்லை. அந்தத் தீபாவளிக்குச் சரக்கு கொஞ்சம் தாமதமாகத்தான் போயிற்று. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

தை மாதம் உற்பத்தியாளர்கள் கூடி, பாதுகாப்பான கம்பெனி என்று காசிராஜனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோட்டத்தில் ரயில் விட்டுக்கொண்டிருந்தபோது தனக்கு உதித்த யோசனை இது என்று அவர் விளக்கினார். வெள்ளைத்துரை முதல் வரிசையில் இருந்து கைதட்டினார்.

பாண்டிலட்சுமியையும் மேடைக்கு அழைத்தார்கள். அவள் வரவில்லை. அச்சங்குளத்தில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து, அதைச் சரிசெய்யாமல் நாளைக் கடத்திய ஊர்க்காவலனை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.