வேத்தாவின் நீர்

உச்சியில் உருகாத பனியைச் சுமந்தவாறு மலைகள் நாற்புறமும் சூழ்ந்து நிற்க, அவற்றின் சரிவெங்கும் ஊசியிலை மரங்கள் இழவுக்கு வந்த கூட்டம்போல் கறுத்து நெருங்க, அடிப்பள்ளத்தில் மரச்சில்லுக் கூரை வேய்ந்த வீடுகள் சில புகைந்துகொண்டிருந்த இளவேனிற் காலை அது. பனிநீர் பெருகிய ஓடையின் கரையில் ஊரார் கூடியிருந்தனர்.

இறந்தோர் நீரற்ற நெடுவழி நடக்கின்றனர். அவர் பெயரால் கன்னி ஒருத்தி ஆறு வாரம் ஒரு வீட்டுக்கு நாள்தோறும் நீர் சுமந்து செல்ல, அவ்வீட்டார் அதைப் பருகினாலன்றி இறந்தோர் நா நனையாது. பருகியவர் ஓடைக்கரையில் சான்று கூறிய பின்னரே, திரி ஏற்றிய சுரைக்குடுவை நீரில் விடப்படும். வழியும் அன்றே முடியும்.

மீரோன் தன் மனைவி வேத்தாவுக்காக வந்திருந்தான். பேறுகாலத்தில் பிள்ளையோடு அவள் மாண்டதிலிருந்து அவன் அழவில்லை. சோளக்களியைப் பிட்டு உண்டான், சுவை அறியவில்லை. பனி வழியை மூடிய அன்று, அவளை மலைக்கு அப்பாலுள்ள மருத்துவரிடம் சேர்க்கப் பிந்தியாவிடம் குதிரையை இரந்து நின்றான். பனிவண்டி இழுக்க ஊரில் இருந்தது அது ஒன்றே. கால் நொண்டுகிறது என்று சொல்லிப் பிந்தியா கதவைச் சாத்தினான். மறுவாரமே அக்குதிரை விறகு இழுத்துச் சென்றதை ஊர் கண்டது.

நீர் எவ்வீட்டுக்கு என்று வேத்தாவின் தங்கை இலிங்கா வினவியபோது, தனித்து வாழும் பிந்தியாவின் வீட்டையே மீரோன் சுட்டினான். இறந்தவர் நீரை வேண்டாமென்று கூற எவர்க்கும் இயலாது. நாள்தோறும் பிந்தியா வேத்தாவின் சாவை விழுங்கட்டும் என்பதே மரத்த நெஞ்சில் எஞ்சியிருந்த ஒரே சூடு.

சடங்கு நடத்தும் சாப்தா கிழவி பிந்தியாவை முன்னழைத்தாள்.

"என்னடா, ஆறு வாரம் ஓசியில தண்ணி வந்துச்சு, இப்ப வாய் தொறக்கலையா? இலிங்கா கொண்டாந்தத குடிச்சியா?"

சிலர் நகைத்தனர். பிந்தியா கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

"கொண்டாந்தா ஆத்தா. ஒரு நாளும் தவறல."

"அதக் கேக்கல."

"எறங்கல. வாய்கிட்ட கொண்டு போவேன், வேத்தா மொகம் வரும். எல்லாத்தையும் கீழ கொட்டிட்டேன்."

நகைப்பு அவிந்தது. கிழவி குனிந்து குடுவையின் திரியை ஊதி அணைத்தாள். மீரோன் பாய்ந்து பிந்தியாவின் கழுத்துப்பட்டையைப் பற்றினான்.

"குடிச்சேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேடா."

"அன்னிக்கு என் வாசல்ல ஒரு பொய் சொன்னேன் மீரோன். அதுவே போதும்."

மீரோனை விலக்காமலே கிழவி கேட்டாள்: "அவன் வீட்டைக் காட்டினது யாரு?"

படிப்போரே, பற்றிய கை அப்போது தானே தளர்ந்தது. பகைவனின் தொண்டையை எரிக்க அவன் அனுப்பிய நீர் மண்ணிற் போக, எவளுக்காக எரிக்க எண்ணினானோ அவளே இத்தனை நாளும் வறண்ட நாவோடு நடந்திருக்கிறாள். குடுவை கரையிலேயே கிடந்தது. ஊர் கலைந்தது.

மறுநாள் விடியலில் இலிங்கா வாளியுடன் மீரோனின் வாயிலில் நின்றாள்.

"மறுபடியும் முதல்லேருந்து, அத்தான். எந்த வீட்டுக்கு?"

அவன் வேலிக்கு அப்பால் பார்த்தான். பிறகு, "பக்கத்து வீட்டுக்கே குடு. நாலு புள்ளைங்க இருக்கு. எப்பவும் தாகம்தான் அதுகளுக்கு" என்றான்.

துயருற்றோன் தேடும் பழிக்கு விலை கொடுப்பவர், பலவேளை, அவன் யாரை எண்ணித் துயருற்றானோ அவரே. வேலிக்கு அப்பால் குழந்தைகள் முந்தி முந்திக் குடிக்கும் ஓசை எழுந்தது. ஒவ்வொரு மிடறையும் செவியால் பற்றியவாறு, வாளி வெறுமையாகும்வரை மீரோன் நின்றான். அவன் முகம் நனைந்திருந்தது.