அடுத்து வருபவருக்கான விறகு

மலைக்குடிலின் கதவைத் தள்ளியது மாரெத்தின் கையா, அவள் தோளில் சரிந்திருந்த அவள் அப்பா யோவ்னாவின் எடையா என்பது எனக்குத் தெரியாது. அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்பதும் சந்தேகம்தான். வெளியே பனிப்புயல். யோவ்னா மார்புவரை நனைந்திருந்தார். இந்த இரண்டும் நிச்சயம்.

சாரெக் மலைகளுக்கு இடையே ஆறு அப்போது உறைந்து இறுகித்தான் கிடந்தது. காலையில் எங்கள் பனிமான் மந்தை கடந்த அதே தடத்தில் அவர் பனி ஸ்கூட்டரை ஓட்டினார். மான்களைத் தாங்கிய பனி ஸ்கூட்டரைத் தாங்கவில்லை. கோடரி, ரம்பம், மாற்றுத்துணி எல்லாம் அதோடு போயின. பின்னால் அவருடைய சறுக்குக்கட்டைகளில் வந்த மாரெத் சுருக்குக்கயிற்றை வீசி அவரை இழுத்தாள்.

குடிலில் அடுப்பு இருந்தது. விறகுப் பெட்டி காலி.

பனிமான் மேய்ப்பவர்களான எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். குடிலை விட்டுப் போகிறவர் காய்ந்த விறகை அடுக்கி, தீ பற்றவைக்கக் கொஞ்சத்தைச் சுருள் சுருளாகச் சீவி வைத்துவிட்டுப் போக வேண்டும். விறைத்த விரலோடு வருபவருக்குத் தீக்குச்சி உரசும் வேலை மட்டுமே மிஞ்ச வேண்டும். அதற்கு முந்தைய வாரம் இருவரும் அங்கே தங்கிக் கிளம்பிய காலையில் மந்தை மிரண்டு ஓடியது. விறகெடுக்கப் போன மாரெத்தை யோவ்னாதான் தடுத்தார்.

"விடு புள்ள. அடுத்து வரப்போறதும் நாமதான். நம்ம மேல நாமளே கோவிச்சுக்கவா போறோம்?"

அவள் சிரித்திருந்தாள்.

"பெட்டியில இருக்கா?" என்றார் இப்போது. பற்கள் தந்தியடித்தன.

"இருக்குப்பா."

"பொய். உனக்கு வராது. உங்கம்மாவுக்கும் வராது."

மரங்கள் வெகு கீழே. அவள் அவருடைய உடைகளைக் களைந்து, மான்தோலால் போர்த்தினாள். அலமாரிப் பலகையைப் பிடுங்கி எரித்தாள். படுக்கைப் பலகையைக் கத்தியால் நெம்பினாள். பிறகு பனிச்சறுக்குக் கட்டைகள்.

"என்னத்தடி கொளுத்துற? நாத்தம் குடலைப் புடுங்குது."

"உங்க சறுக்குக்கட்டை."

"புதுசுடி அது! பாவி!"

"ஹெய்கா சாயங்காலம் வந்துருவான்பா."

"உன் அண்ணனா? அவன் பொறந்ததே லேட்டு."

பிளாஸ்டிக் பூசிய கட்டை எரியவில்லை, உருகிக் கருகியது. அவள் அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவருடைய நடுக்கம் நின்றது. ஒரு நொடி அவளுக்கு நிம்மதி. அடுத்த நொடி, நடுங்கக்கூட உடலில் சூடு மிஞ்சவில்லை என்று புரிந்தது.

"இப்ப குளிரல," என்றார். நெடுநேரம் கழித்து, "கெளம்பறப்ப வெறகு வெச்சிட்டு வா."

அவள் மான்தோலை அவர் காதுவரை இழுத்துவிட்டாள். அவர் மூச்சு எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியாது.

புயல் ஓய்ந்து காலையில்தான் ஹெய்கா வந்தான், சறுக்குவண்டி நிறைய விறகோடு. அப்பாவைப் பார்த்தான். காலிப் பெட்டியைப் பார்த்தான்.

"எந்த நாய் எரிச்சுட்டு வெக்காமப் போனான்?" என்று கத்தினான். "சொல்லுடி, எவன்?"

மாரெத் அவனுடைய கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிளந்தாள், அடுக்கினாள், பிறகு உட்கார்ந்து சுருள் சீவத் தொடங்கினாள்.

"அப்பாவை வண்டியில கெடத்தியாச்சு. இப்ப எதுக்குடி இது?"

அவள் நிறுத்தவில்லை.

யோவ்னாவை அடிவாரத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். ஹெய்கா மந்தையைப் பார்த்துக்கொள்கிறான். அந்த நாய் யாரென்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மாரெத் மலைக்குப் போவதில்லை. அவள் வைத்த விறகை, கோடையில் மலையேற வந்து மழையில் நனைந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் எரித்துக் காபி போட்டுக் குடித்தார்கள்.