பாதியில் நின்ற பல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவியின் பல்லிலிருந்து வந்தது. மேல்வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல். சிரித்தால் தெரியும். இந்த வரியை நான் எழுதும் இதே நிமிடத்தில் அந்தப் பல்லும் அதன் சொந்தக்காரியும் எதிரே மூடியிருக்கும் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதப் படிவத்துக்கு ஒரு நகல் தந்தார்கள். அதன் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டேன். பயத்தால் இல்லை. சரி, கொஞ்சம் பயம்தான். மீதியெல்லாம் பரபரப்பு.

2

முதல் தொடக்கம்: "அவனுக்குப் பல் வலித்தது. அந்நிய நாட்டில் ஒரு தனி மனிதனின் பல்வலி என்பது"

அடித்துவிட்டேன். யார் இந்த அவன்? எனக்குப் பல்வலி வரவே இல்லை. மனைவியை ஆணாக மாற்றியது கலைக்காக அல்ல, குற்றவுணர்ச்சியால்.

இரண்டாம் தொடக்கம்: "வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் உடம்பு இரண்டு பங்காகப் பிரிந்திருக்கிறது. காய்ச்சலும் இருமலும் வேலை பார்க்கும் நாட்டுக்கு. பல், கண்ணாடி, முழங்கால் எல்லாம் ஊருக்கு."

கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனாலும் இருக்கட்டும், அதுதான் நடந்தது.

3

போன வருடம் மூன்று வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தோம். பல் டாக்டர் பார்த்துவிட்டு ரூட் கனால் செய்யவேண்டும், நான்கு தடவை வரவேண்டும் என்றார். இரண்டு தடவைதான் போனோம். மற்ற நாளெல்லாம் சொந்தக்காரர் வீடுகள். "சித்தப்பா வீட்டுக்கு மட்டும் போகலேன்னா நல்லாருக்காது" என்றது நான். கிளம்பும் அவசரத்தில் டாக்டர் தற்காலிகமாகப் பல்லுக்கு மேல் ஒரு கேப் ஒட்டி அனுப்பினார். "மீதிய அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்றதும் நான்தான்.

(இந்த இடத்தில் வாசகர் என்னைத் திட்டலாம். இடம் விட்டிருக்கிறேன்.)

திரும்பி வந்த நான்காம் மாதம், மனைவி தன் தங்கையோடு போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது கேப் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

என் கம்பெனி இன்ஷூரன்ஸில் தலை முதல் கால் வரை எல்லாம் உண்டு, வாய்க்குள் மட்டும் கிடையாது. பல்லைப் பிடுங்கினால் அவசர சிகிச்சை, இலவசம். காப்பாற்றினால் சொந்தச் செலவு, என் இரண்டு மாதச் சம்பளம். மூன்று கிளினிக் ஏறி இறங்கினோம். மூன்றாவது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொருவர் பாதியில் விட்ட வேலையைத் தான் தொடுவதில்லை, பிடுங்கிவிடலாம் என்றார்.

"பிடுங்கிடலாங்க. ஒரு பல்லுதானே, விடுங்க" என்றாள் லிஃப்ட் வாசலில். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். கேப் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான் பேசுகிறாள். அவளுடைய சிரிப்பைச் சித்தப்பா வீட்டுக் காபிக்கு விற்றுவிட்டேன்.

4

இப்போது ஒரு பாத்திரம் ஓடி வருகிறது. நிஜமாகவே ஓடி வந்தது, கையுறையைக்கூடக் கழற்றாமல்.

"அக்கா! தமிழ்தானே நீங்க? ஒரு நிமிஷம் நில்லுங்க!"

அந்த மூன்றாவது கிளினிக்கில் டாக்டர் வேலை செய்யும்போது, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். குழாய்க்காரம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் மூச்சு வாங்கச் சொன்னது இது: ஊரில் பன்னிரண்டு வருடம் பல் டாக்டர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது. செய்முறைப் பரீட்சையில் தேறவேண்டும். நோயாளிகளை அவரே தேடிக் கூட்டிவரவேண்டும்.

"பாதில நின்ன ரூட் கனால் ஒண்ணு கட்டாயம் வேணுங்கா. ஏழு மாசமா தேடறேன். எல்லாரும் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. உங்க எக்ஸ்ரேயப் பாத்ததும் எனக்குக் கையே ஓடல. அவ்ளோ அழகா கெட்டுப்போயிருக்கு!"

ஒரு பைசா வாங்கமாட்டாராம். பரீட்சைக்குப் போவது அவருக்கு இது மூன்றாவது தடவை. அதற்கு மேல் உட்கார விடமாட்டார்கள்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கதைக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் வந்து நின்றால் நானே நம்பமாட்டேன். அதனால் எழுத்தாளனை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, புருஷனாகக் கேட்டேன்: "சர்டிபிகேட் எதுனா இருக்கா?" மனைவி என் இடுப்பில் கிள்ளினாள். அவர் கோபிக்கவில்லை. போனைத் திறந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"நீங்க தப்பு பண்ணிட்டா?" என்று கேட்டாள் மனைவி.

"பரீட்சை வைக்கிறவங்களே பிடுங்கிடுவாங்கக்கா. நான் ஆயுசு முழுக்கக் குழாய் பிடிப்பேன்."

"அப்ப என் பல்லும் உங்க பொழப்பும் ஒண்ணாப் போகுது. வாங்க, ஒரு கை பாத்துடலாம்."

இந்த வசனம் நான் எழுதியதில்லை. எனக்கு இவ்வளவு தைரியம் கிடையாது.

5

மூன்று வாரம் கழித்து, இன்றுதான் அந்தப் பரீட்சை. இருவரும் உள்ளே போய் இரண்டே முக்கால் மணி நேரம். பரீட்சைக்குக் கொடுத்திருப்பது மூன்று. சற்றுமுன் ட்ரில் சத்தம் நின்றது. மறுபடி கேட்கும் என்று காத்திருக்கிறேன். கேட்கவில்லை. சும்மா இருக்கமுடியாமல் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: பல் பிழைக்கிறது, குழாய்க்காரம்மா பாஸ். சொந்த கிளினிக், வாசலில் பெயர்ப்பலகை, முதல் நோயாளி நான்.

முடிவு ஆ: வேருக்குள் ஊசி முறிந்து, பரீட்சை வைப்பவர் பல் பிடுங்கும் குறடு எடுக்கச் சொல்லி

கை வரவில்லை.

முடிவு இ: பல் பிழைக்கிறது, அவர் ஃபெயில். இதை எழுதியபோது, பல் பிழைத்தால் போதும் என்று மனசு ஓரமாகச் சொன்னது. சீ என்றாகிவிட்டது. இருந்தாலும் அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

6

கதவு திறந்துவிட்டது!

இரண்டு பேரும் வருகிறார்கள். பல் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆனால் எக்ஸ்ரே உள்ளே பரீட்சை வைக்கும் மூன்று பேர் கையில் இருக்கிறதாம். வேரின் நுனிவரை மருந்து அடைத்திருந்தால் பாஸ். ஒரு நூல் குறைந்தாலும் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் குறடு எடுப்பார்களாம்.

குழாய்க்காரம்மா என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னண்ணே எழுதறீங்க?"

"உங்களத்தான்."

பேப்பரை வாங்கிப் படித்தார். முடிவு அ-வுக்கு வந்ததும் முகம் வெளிறிவிட்டது. கட்டைவிரலால் அந்த வரியை மூடினார்.

"அய்யோ, இத அடிங்கண்ணே! இப்பப் போயி எழுதுவாங்களா? கண்ணு பட்டுடும்."

பன்னிரண்டு வருட டாக்டர். எக்ஸ்ரேயும் விஞ்ஞானமும் படித்தவர். நான் சிரிக்கப்போனேன். மரத்துப்போன உதட்டோடு என் மனைவி, அடி அடி என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றே வாரப் பழக்கம். கோடு போட்டு அடித்தேன், பேப்பர் கிழியும் அளவுக்கு.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். கூப்பிடப் போகிறார்கள். முடிவை உங்களிடம் விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.